விலக்கு என்னும் வேலி
(மன்றத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

இரட்டைப்புலவரை அறியாதார் இவ்வவையில் இல்லை. கண்ணில்லாதவர் தோளில் காலில்லாதவர் அமர, ஒருவர் வெண்பாவின் முற்பாதியைத் தொடங்க மற்றவர் முடித்து, ஊர்தோறும் பாடிச் சென்றனர் என்பது வழிவழி வரும் செய்தி. தில்லைக் கலம்பகமும் ஏகாம்பரநாதர் உலாவும் அவர்கள் தந்தவை. இதனைச் சொல்லி வியப்பது நம் வழக்கம். எனக்கோ வியப்பினும் வருத்தமே மிகுதி. ஒருவரையொருவர் சுமக்க வேண்டிய நிலை அவர்களுக்கு ஏன் வந்தது? ஊர் சுமக்கவில்லை என்பதனால் அன்றோ?

சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி நமக்குத் தொலைவன்று. அங்கே 1995 இல் பிறந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பள்ளிக்குச் செல்லும் வழியில் பேருந்தில் அடிபட்டார். வலக்கால் முழங்காலுக்குக் கீழ் நசுங்கி வளர்ச்சி குன்றியது. தாயார் காய்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார். 2016 இல் இரியோ நகரில் 1.89 மீட்டர் தாண்டிப் பொற்பதக்கம் வென்றதையும், டோக்கியோவில் வெள்ளியும் 2024 இல் பாரிசில் வெண்கலமும் பெற்றதையும் நாடறியும்.

நான் எண்ணிப் பார்ப்பது அந்தப் பொன்னை அன்று; அதற்கு முந்திய ஒரு நாளை. 14 ஆம் வயதில், உடற்குறையற்ற மாணவர்களோடு ஒரே களத்தில் போட்டியிட்டு இரண்டாமிடம் பெற்ற நாள் அது. அவருடைய பள்ளி உடற்கல்வி ஆசிரியர், "நீ ஓரமாய் உட்கார், தம்பி" என்று கனிவோடு சொல்லியிருக்கலாம். எவரும் குறை கூறியிருக்கமாட்டார். அவர் அப்படிச் சொல்லவில்லை; உயரம் தாண்டப் பழகுமாறு ஊக்கினார். அன்று அப்பிள்ளை கடைசியாய் வந்திருந்தாலும் அவ்வாசிரியர் செய்தது சரியே என்பது என் துணிபு. வென்றவரை மட்டுமே சேர்த்துக்கொள்வதற்குப் பெயர் சேர்த்தல் அன்று.

நம் பள்ளிகளில் 'விலக்கு' என்றொரு சொல் புழங்குகிறது. விளையாட்டிலிருந்து விலக்கு, நாடகத்திலிருந்து விலக்கு, சுற்றுலாவிலிருந்து விலக்கு. சலுகை போல் தோன்றுவதால் இதன் கூர்மை தெரிவதில்லை. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், வேறுபாடின்றிச் சேர்த்துக்கொள்வதோடு, விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் பிறரோடு ஒப்ப வாய்ப்பளிப்பதையும் கல்வி நிறுவனங்களின் கடமையாக்கியது. 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளும் இருபத்தொன்றாயின. 'ஊனமுற்றோர்' என்பதை நீக்கி 'மாற்றுத்திறனாளி' என்று நம் மாநிலம் 2010 இலேயே வழங்கத் தொடங்கியது. சொல்லை மாற்றுவதில் தமிழர் விரைவுடையவர். படிக்கட்டை மாற்றுவதில்தான் தாமதம்.

என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். முன்பு நான் பணியாற்றிய கல்லூரியில், 17 வயதில் முதலாண்டில் சேர்ந்தாள் ஒரு மாணவி. கால்கள் இயங்கா; யாப்பு அவள் கைக்குள் இருந்தது. மூன்றாண்டும் கல்விச் சுற்றுலாப் பட்டியலில் அவள் பெயரை நாங்கள் எழுதவில்லை. "பாவம், அவளுக்குச் சிரமம்" என்று நாங்களே முடிவுசெய்தோம். விடைபெறும் நாளில் அவள் கேட்டாள்: "அம்மா, நான் வரமாட்டேன் என்று எப்போதாவது சொன்னேனா?" முனைவர் பட்டம் பெற்ற எனக்கு விடை தெரியவில்லை.

இவ்வூர் மரச்சிற்பம் 2020 இல் புவிசார் குறியீடு பெற்றபோது நாம் பாராட்டுக் கவியரங்கம் நடத்தினோம். சிற்பிகள் தரையில் அமர்ந்து உளிபிடிக்கும் பட்டறைக்குள் நுழையப் படியேற வேண்டியதில்லை. நம் கவியரங்கமோ மாடியில் நடந்தது. பத்தாண்டுகளாக ஒவ்வொரு மாத அமர்வும் மாடியில்தான். பத்தொன்பது படிகள், கைப்பிடி ஒருபுறம் மட்டும். மேலேறி வர இயலாத இளைஞர் எவரேனும் நம் ஊரில் பாட்டெழுதுகிறாரா என்று நாம் கேட்டதில்லை. கேட்க நேராதபடி படிகள் பார்த்துக்கொண்டன.

செயலாளர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். கீழே உள்ள கூடம் சிறியது, மின்விசிறி ஒன்றுதான் என்பதை அறிவேன். எனினும் அடுத்த மாத அமர்வை அங்கே வைத்து, அழைப்பிதழில் "கீழ்த்தளம், படிகள் இல்லை" என்று அச்சிடுங்கள். பள்ளிகளுக்கு அவ்வழைப்பிதழை நானே கொண்டுபோய்த் தருகிறேன்.