விமான நிலையத்தில் ஒரு வேளை உணவு

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியன. அவனது ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீது உண்டாவதாக.

கல்விக்காகவும் தொழிலுக்காகவும் நம் பிள்ளைகள் கட்டுநாயக்கவிலிருந்து புறப்பட்ட வண்ணமிருக்கின்றனர். உம்மாவின் கையால் உண்டு வளர்ந்த பிள்ளை, அந்நிய நாட்டு விமான நிலையத்தில் தனித்து நின்று, 'எங்கே உண்பது?' எனத் தடுமாறுகிறது. அங்கே கண்காணிக்க வாப்பா இல்லை; ஊரார் இல்லை. அல்லாஹ் மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்காக ஆறு மணி நேரம் காத்திருந்தேன். நம் நாட்டு வாலிபர் ஒருவரும் உடனிருந்தார். ஒரு கடையில் 'பன்றி இறைச்சி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை' என எழுதப்பட்டிருந்தது. இந்த அறிவித்தல் மட்டும் ஹலாலுக்குப் போதாது. கோழி அறுக்கப்பட்ட முறையையோ, சமையலில் மது சேர்வதையோ அது கூறுவதில்லை. எனினும், விசாரிக்க வெட்கப்பட்டு, "எனக்குப் பசியில்லை" என்றேன்.

நேயர்களே! பசியோடு பொய்யையும் சேர்த்துக்கொள்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். ஓதிக் கொடுக்கும் நானே அதனை மறந்தேன். அந்த வாலிபரோ நேரே சென்று பணிவாகக் கேட்டார். பணியாளர் புன்னகையுடன், "இது ஹலால் அல்ல" எனக் கூறி, வேறோர் உணவகத்துக்கு வழிகாட்டினார். அங்கே 'மூயிஸ்' எனப்படும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் சான்றிதழ் தொங்கியது. 1968ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட அம்மன்றம் 1978 முதல் ஹலால் சான்றிதழ் வழங்கி வருகின்றது. வாலிபர் அதிலிருந்த கடையின் பெயரையும் காலாவதித் திகதியையும் வாசித்த பின்னரே அமர்ந்தார். அன்று அவர் ஆசிரியர், நான் மாணவன்.

'பிரயாணத்தில் எல்லாம் ஆகும்' என்போர் சிலர் உளர். நிர்ப்பந்தத்தின் சலுகை உயிருக்கு அஞ்சும் நிலையிலுள்ளவருக்கே உரியது. பழமும் ரொட்டியும் கிடைக்கும் இடத்தில் அந்த நிர்ப்பந்தம் ஏது? அதேவேளை, வீண் சந்தேகத்தால் குழந்தைகளைப் பட்டினி போடுவதும் மார்க்கமன்று. பழம், பால், அவித்த முட்டை போன்றவை இருக்கவே செய்கின்றன.

ஆகவே பெற்றார்களே! பிரயாணத்துக்குக் குறைந்தது ஒரு நாள் முன்னராவது விமான நிறுவனத்திடம் முஸ்லிம் உணவைப் பதிவு செய்யுங்கள். பையில் பேரீச்சம்பழமும் பிஸ்கட்டும் வையுங்கள். வெற்றுப் போத்தலொன்றைக் கொடுத்தனுப்புங்கள். பாதுகாப்புச் சோதனையைக் கடந்தபின் குடிநீர்க் குழாயில் நிரப்பிக்கொள்ளலாம். இவற்றுக்கெல்லாம் மேலாக, வெட்கப்படாமல் கேட்கும் துணிவைக் கொடுத்தனுப்புங்கள்.

நீண்ட தூரம் பிரயாணம் செய்து, புழுதி படிந்த நிலையில் வானை நோக்கிக் கையேந்தும் ஒரு மனிதரை நபி (ஸல்) அவர்கள் நினைவூட்டினார்கள். அவரது உணவும் பானமும் ஹராமாக இருக்க, அவரது துஆ எவ்வாறு ஏற்கப்படும் என வினவினார்கள். பிரயாணியின் துஆ மதிப்புமிக்கது. ஒரு கவளத்துக்காக அதனை இழந்துவிடாதீர்கள்!

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் பிரயாணங்களையும் உணவையும் பரிசுத்தமாக்கி வைப்பானாக! ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.