காந்தள் நஞ்சும் இதய நாடியும்



தாமிரபரணி பிறக்கும் பொதிகையின் அடிவாரத்தில், மழைக்காலத்து வேலியோரங்களில் தீக்கொழுந்தென மலர்வது செங்காந்தள். சங்கப் புலவர்கள் மகளிர் விரலுக்கு உவமை கூறிய அம்மலர் இன்று தமிழ்நாட்டின் மாநில மலர். அதன் கண்வலிக்கிழங்கு கொடிய நஞ்சு. கோல்ச்சிசின் என்னும் அந்நஞ்சே அளவறிந்து கொடுத்தால் மூட்டு வீக்கத்துக்கு மருந்தாகும். தமிழக உழவர் மருந்துக்கென விற்பது பெரும்பாலும் இக்கொடியின் விதையையே. கிழங்கு விலக்கிய இல்லத்தார் அதுபற்றித் தயங்க வேண்டுவதில்லை.

இம்மருந்து இதய அறுவை முடிந்தோர்க்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டது ஏன்?

1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் பைபாஸ் அறுவையைச் செய்தபோது நெல்லை மக்களுக்கு அது தொலைதூரச் செய்தி. இன்று அத்தழும்பு உடையோர் இல்லாத தெரு அரிது. அவர்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை, அறுவைக்குப் பின் இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள் இதயத்தின் மேலறை தாளந்தவறித் துடிக்கும் நிலையை அடைகின்றனர். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பது அதன் பெயர். மேலறையில் தேங்கும் குருதி உறைந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம் நேரும்.

அதே நாள்களில் குருதியில் சி.ஆர்.பி. என்னும் அழற்சிப் புரதமும் உச்சத்தை எட்டுகிறது. 1930இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் கண்டறியப்பட்ட இப்புரதத்தைக் கல்லீரல் சுரக்கிறது. நலமுடையோரிடம் லிட்டருக்குச் சில மில்லிகிராம் அளவே இருப்பது, மார்பெலும்பைப் பிளந்து, குருதியை இயந்திரக் குழாய்களில் ஓடவிட்ட பின்னர், நூறையும் கடக்கும். 1997இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர் இவ்வேற்றத்துக்கும் தாளத் தவறுக்கும் தொடர்பு கண்டனர். அழற்சியைத் தணித்தால் துடிப்பும் சீராகும் என்ற நம்பிக்கை பிறந்தது.

2011இல் இத்தாலியில் கோல்ச்சிசின் பெற்றோரிடம் தாளத் தவறு நூற்றுக்கு 22இலிருந்து 12ஆகக் குறைந்தது. காந்தள் வென்றது என்றே தோன்றியது. ஆனால் அதே ஆய்வாளர், 360 பேரிடம், அறுவைக்கு முன்னரே மருந்தைத் தொடங்கி 2014இல் வெளியிட்ட ஆய்வில் அவ்வெற்றி உறுதிப்படவில்லை. வயிற்றுக் கோளாறே மிகுந்தது. 2015இல் 7,500க்கும் மேற்பட்டோர்க்குக் கொடுத்த ஸ்டீராய்டும் பயன்தரவில்லை. மீனெண்ணெய் மாத்திரையும் 2012இல் தோற்றது. அதை மறுத்த சமணர் இவ்வகையில் இழந்தது ஏதுமில்லை. எல்லாவற்றினும் தெளிவானது 2016இல் வெளிவந்த பெய்ஜிங் ஆய்வு. 1,922 பேரில் ரோசுவாஸ்டாடின் பெற்றோர்க்குச் சி.ஆர்.பி. குறைந்தது, தாளத் தவறோ இரு சாராரிடமும் ஐவரில் ஒருவர் என்ற அளவிலேயே நின்றது.

புகையை விசிறி விலக்கினார்கள். அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. முதுமை, விரிந்த மேலறை, இதயத்தைச் சூழ்ந்து தேங்கும் நீர், குருதியில் குறையும் பொட்டாசியமும் மக்னீசியமும், வழக்கமான பீட்டா பிளாக்கர் மாத்திரையைத் திடீரென நிறுத்துதல் என அவ்வடுப்பில் விறகு பல.

ஆயினும் இல்லங்களில் நிகழ்வது என்ன? ஆய்வகத் தாளில் தடித்த எழுத்தில் அச்சான எண்ணைக் கண்டு குடும்பமே உறக்கம் இழக்கிறது. பெரியவரின் மணிக்கட்டை எவரும் தொட்டுப் பார்ப்பதில்லை. அறுவையடுத்த நாள்களில் அவ்வெண் உயர்வது இயல்பு. இறங்கத் தொடங்கிய பின் மீண்டும் ஏறினால் மட்டும் கிருமித் தொற்று உண்டோ என்று மருத்துவர் ஆராய்வார். துடிப்பைப் பற்றி அறிய நாடியே வேண்டும். அரசு சித்த மருத்துவக் கல்லூரி அமைந்த பாளையங்கோட்டைக்கு நாடி பார்த்தல் புதிதன்று. காலையும் மாலையும் ஒரு நிமிடம் விரல் வைத்து, துடிப்பு ஒழுங்கின்றி ஓடினால் உடனே இ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

சமண இல்லங்களுக்கே உரிய இடர் ஒன்று உண்டு. சூரியன் மறைந்தபின் எதையும் உட்கொள்ளாத பெரியவர் இரவு மாத்திரையைச் சொல்லாமலே விட்டுவிடுவார். விடுபட்டது குருதி உறையாமல் காக்கும் மாத்திரையாகவோ பீட்டா பிளாக்கராகவோ இருக்கலாம். நீரும் அருந்தாத உபவாசத்தில் குருதியின் உப்புகள் நிலைமாறும். மருத்துவமனையை விட்டுப் புறப்படுமுன் இவ்வழக்கங்களை மருத்துவரிடம் கூறினால், பெரும்பாலான மாத்திரைகளைச் சூரியன் எழுந்தபின் ஒன்றும் மறையுமுன் ஒன்றுமாக மாற்றி எழுதித் தருவார். பர்வ நாள்களின் பட்டியலையும் அப்போதே அவரிடம் கொடுத்து, எந்த உபவாசத்தை எத்தனை மாதம் தள்ளிவைப்பது என்று கேட்டுக்கொள்வது குடும்பத்தார் பொறுப்பு. பெரியவர் தாமாகக் கேட்கமாட்டார்.