பால்மரத்தில் மின்சாரம் ஓடுமா?



நெகிரி செம்பிலான் தோட்ட மக்களிடம் ரப்பரைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலத்தான். ரந்தாவ், லிங்கி, பகாவ் என எந்தப் பக்கம் போனாலும், ஒரு தலைமுறை பால் வெட்டித்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. இன்று அங்கே பல இடங்களில் செம்பனை நிற்கிறது. ஆனாலும் ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது என்பது நமக்கு மனப்பாடம்.

ஏன் கடத்தாது? ரப்பர் என்பது கரிம அணுக்கள் கோத்த நீண்ட சங்கிலி, அதாவது பாலிமர். அதில் இரட்டைப் பிணைப்புகளில் மட்டும் கொஞ்சம் தளர்வான எலெக்ட்ரான்கள் உண்டு. ஓர் இரட்டைப் பிணைப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே மூன்று ஒற்றைப் பிணைப்புகள். எலெக்ட்ரான் அங்கேயே சிக்கிக்கொள்கிறது.

பாலிஅசெட்டிலினில் ஒற்றை, இரட்டை என்று மாறி மாறி வரும். பாதை தயார். அப்படியும் மின்சாரம் சரியாக ஓடாது! காலைப் பெரட்டை நினைத்துப் பாருங்கள். இடைவெளியே இல்லாமல் ஆட்கள் நின்றால் யாரும் நகர முடியாது. கங்காணி ஒருவரை வெளியே கூப்பிட்டால், பக்கத்து ஆள் அந்த இடத்துக்கு நகர்வார். அவர் இடத்துக்கு அடுத்தவர். காலியிடம் வரிசை நெடுகப் பயணம் போகும். பாலிமரில் அந்தக் கங்காணி, அயோடின். சங்கிலியிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும். இதற்குப் பெயர் டோப்பிங். (விளையாட்டு வீரர்கள் மாட்டிக்கொள்ளும் டோப்பிங் அல்ல.) 1977-இல் ஷிராகாவா, மெக்டியார்மிட், ஹீகர் குழுவினர் இப்படிச் செய்தபோது கடத்துதிறன் கோடி மடங்குக்கும் மேல் உயர்ந்தது. 2000-இல் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இனித்தான் நம் கதை. 1988-இல் அமெரிக்காவில் மிருணாள் தாக்கூர் என்ற ஆய்வாளர், இயற்கை ரப்பரிலேயே அயோடினைச் சேர்த்தார். ரப்பர் கறுத்தது, கடத்துதிறன் சுமார் ஆயிரம் கோடி மடங்கு கூடியது. பிணைப்புகள் மாறி மாறி வரவேண்டிய கட்டாயமில்லை, காலியிடம் ஓர் இரட்டைப் பிணைப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் என்று வாதிட்டார். நோபல் குழுவின் விளக்கத்தையும் மறுத்தார். செம்புக்கம்பிக்குப் பக்கத்தில் அந்த ரப்பர் நிற்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் கடத்தவே கடத்தாது என்றிருந்த பொருளல்லவா அது!

ஐந்தாம் படிவ வேதியியலில் ரப்பர் பால் உறைவதும், கந்தகம் சேர்ப்பதும் பாடமாக உண்டு. பாலில் அசிட் ஊற்றிய கதையைத் தோட்டத்துப் பிள்ளை பாட்டியிடமே கேட்டிருக்கும். அதே வகுப்பில் ஆசிரியர்கள் இந்த அயோடின் கதையையும் ஐந்து நிமிடம் சொன்னால் என்ன?