ஞாயிற்றுக்கிழமை ஓடாதவர்

1924 பாரிஸ் ஒலிம்பிக். ஸ்காட்லாந்து வீரர் எரிக் லிடெல் 100 மீட்டரில் தங்கம் வெல்வார் என்று பலரும் நம்பியிருந்தார்கள். ஆனால் தகுதிச் சுற்று ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்தவரான அவருக்கு ஞாயிறே ஓய்வுநாள்; அதைப் பரிசுத்தமாக ஆசரிக்கச் சொல்வது பத்துக் கட்டளைகளில் ஒன்று. ஓடமாட்டேன் என்றுவிட்டார். அவரைப் பற்றிய சினிமாவில் காட்டுவதுபோல் கப்பலேறிய பிறகு எடுத்த முடிவல்ல. பல மாதங்களுக்கு முன்பே எடுத்தது. அந்த ஞாயிறன்று பாரிஸ் தேவாலயமொன்றில் பிரசங்கம் செய்தார். ஐந்து நாள் கழித்து, தன் பிரதான ஓட்டமல்லாத 400 மீட்டரை 47.6 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது பிற்பாடு நடந்தது. பிறந்த நாடான சீனாவுக்கே மிஷனரியாகப் போனவரை, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் வெய்சியன் முகாமில் அடைத்தார்கள். அங்கே பெற்றோரைப் பிரிந்து தவித்த பிள்ளைகள் பலர். அவர்களுடைய ஞாயிறு விளையாட்டுக்கு லிடெல் முதலில் சம்மதிக்கவில்லை. கண்டிக்க ஆளில்லாமல் பிள்ளைகள் ஆடிய ஹாக்கி, அடிதடியில் முடிந்தது. அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமையும் நடுவராக வந்து நின்றார். தங்கப் பதக்கத்துக்காகத் தளர்த்தாத விதியை அந்தப் பிள்ளைகளுக்காகத் தளர்த்தினார். ஓய்வுநாளில் நோயாளிகளைக் குணமாக்கியவர்தானே அவருடைய ஆண்டவர்! 1945 பிப்ரவரியில், விடுதலைக்குச் சில மாதங்களே இருந்தபோது, மூளைக்கட்டியால் அதே முகாமில் இறந்தார். வயது 43.