மேன்முறையீட்டு அழைப்பு வரும்போது என்ன சொல்வது?

(மீளக்குடியேறிய குடும்பங்களுக்கான தகவல் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் சிலர் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு சொந்தக் காணிக்குத் திரும்பியிருக்கிறீர்கள். சிலர் இந்தியாவிலிருந்து வந்திருக்கிறீர்கள். சிலர் இவ்வளவு காலமும் உறவினர் வீடுகளில் இருந்தவர்கள். காணி துப்புரவாக்கல், வீட்டுத்திட்டம், கிணறு, பிள்ளைகளின் பாடசாலை என்று எல்லோருக்கும் வேலை நிறைய உண்டு. எனவே இன்று ஒரு விடயத்தை மட்டும் பேசுகிறேன். உங்கள் வீட்டிலுள்ள மாற்றுத்திறனாளிக்குரிய மாதாந்தக் கொடுப்பனவு மறுக்கப்பட்டு, நீங்கள் மேன்முறையீடு செய்திருந்தால், அதிகாரி விசாரிக்கும்போது எப்படிப் பேசுவது என்பதே அது.

இந்தக் கொடுப்பனவு 2024 இல் மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாகவும், 2025 ஏப்ரலில் 10,000 ரூபாயாகவும் கூட்டப்பட்டது. ஆண்டுக்கு 120,000 ரூபாய். கிளினிக்குக்குப் போய்வரும் ஓட்டோக் காசு, மருந்துச் செலவு என்று கணக்குப் பார்க்கும் வீட்டுக்கு இது சிறிய தொகை இல்லை. அஸ்வெசும உட்பட நலன்புரிக் கொடுப்பனவுகள் 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஆகவே மேன்முறையீடு செய்வதற்கு யாரும் கூச்சப்படத் தேவையில்லை. உங்களுக்குரியதைக் கேட்கிறீர்கள்.

முதலில், ஏன் மறுக்கப்பட்டது என்று அறியுங்கள். காரணம் தெரியாமல் பேசினால் கேள்வி ஒரு பக்கமும் பதில் இன்னொரு பக்கமும் போகும். மருத்துவச் சான்று போதாமல் இருந்திருக்கலாம். வருமானம் பிழையாகப் பதியப்பட்டிருக்கலாம். திரும்பி வந்த குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கலும் வரலாம்: நீங்கள் உறவினர் வீட்டில் இருந்தபோது தகவல் எடுத்திருந்தால், அந்த வீட்டின் கல்வீடும் மோட்டார் சைக்கிளும் உங்கள் கணக்கில் பதிவாகியிருக்கக் கூடும். அஸ்வெசுமத் தெரிவில் வீட்டு நிலைமை, சொத்து, பொருளாதாரம், கல்வி, சுகாதாரம், குடும்ப அமைப்பு ஆகிய ஆறையும் பார்க்கிறார்கள். அதனால் இப்படியான பிழை பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும்.

காரணத்தைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். வாயால் கேட்டுப் பதில் கிடைக்காவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தப் பதிலுக்காகக் காத்திருந்து மேன்முறையீட்டின் கடைசித் திகதியைத் தவறவிட வேண்டாம். மேன்முறையீட்டை முதலில் கொடுத்து, அதன் பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள்.

இரண்டாவது, கடதாசிகள். எல்லாவற்றையும் ஒரே பைலில் வையுங்கள்: அடையாள அட்டை, கிராம அலுவலரின் வதிவிட உறுதிப்படுத்தல், கிளினிக் கொப்பி, மருந்துத் துண்டுகள், நோய்நிர்ணய அட்டை, மறுப்புக் கடிதம், மேன்முறையீட்டின் பிரதி. ஜெய்ப்பூர் கால் பொருத்தியவர்கள் அந்த நிலையம் தந்த அட்டையையும் சேர்த்து வையுங்கள். இடப்பெயர்வில் எல்லாம் தொலைந்துவிட்டது என்பவர்கள் அதோடு விட்டுவிட வேண்டாம். இப்போது பார்க்கும் கிளினிக் வைத்தியரிடம் இன்றைய நிலையை எழுதிய புதிய சான்று ஒன்றைக் கேளுங்கள். பழைய காயத்தைப் பற்றிய கடதாசி இல்லாவிட்டாலும், அந்தக் காயம் இன்று உடம்பில் செய்வதை வைத்தியர் பார்த்து எழுதலாம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். செல் துண்டு பட்டது, மிதிவெடியில் கால் போனது என்று சொன்னால் வேறு விசாரணை வருமோ என்று பயந்து, பலர் காயத்தைப் பற்றியே பேசாமல் விடுகிறார்கள். கொடுப்பனவுக்கு முக்கியமானது உங்கள் இன்றைய நிலை. காயம் வந்த கதையை விரித்துச் சொல்லாமலே, இப்போது என்ன செய்ய முடியவில்லை என்று சொல்லலாம். அதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

மூன்றாவது, பேச்சு. அதிக நேரம் எடுத்துச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

எங்கள் சனங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. எப்படி இருக்கிறீர்கள் என்று யார் கேட்டாலும், "பரவாயில்லை சேர், சமாளிக்கிறம்" என்று சொல்லிவிடுவோம். அது எங்கள் மானம். ஆனால் மறுமுனையில் இருப்பவர் உங்களைப் பார்க்கவில்லை. உங்கள் வாசற்படியையும் ஊன்றுகோலையும் அவருக்குத் தெரியாது. நீங்கள் சொல்வது மட்டும்தான் அவர் காதில் விழும். "சமாளிக்கிறார்" என்று அவர் எழுதினால், பிழை அவருடையதாகாது.

"நடப்பீங்களா?" என்று கேட்டால் "ஓம்" என்று மட்டும் சொல்லி நிறுத்த வேண்டாம். "பொய்க்கால் போட்டுக் கிணற்றடி மட்டும் நடப்பன். திரும்பி வர இடையில இருக்க வேணும். வெக்கை நாளில புண் வந்தால் ரெண்டு மூன்று நாள் காலைப் போட ஏலாது" என்று சொல்லுங்கள். "சமைப்பீங்களா?" என்றால், "கறி வெட்டித் தந்தால் சமைப்பன். பானையை இறக்க மகள் வேணும்" என்று சொல்லுங்கள். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், வாரத்தில் எத்தனை நாள், யாருடைய உதவி: இந்த நான்கும் பதிலில் இருக்கட்டும். நல்ல நாளையும் சொல்லுங்கள், கெட்ட நாளையும் சொல்லுங்கள். கூட்டிச் சொல்ல வேண்டாம். வீட்டுக்கு வந்து பார்க்கும்போது சொன்னதும் கண்டதும் ஒத்துப்போக வேண்டும்.

இதை முதல் நாளே ஒரு தாளில் ஐந்தாறு வரியாக எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவியுங்கள். வீட்டில் ஒருவர் அதிகாரியாகக் கேட்க, மற்றவர் பதில் சொல்லிப் பழகுங்கள்.

இனி, அழைப்பு வரும் நேரம். சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தை முன்பே பார்த்து வையுங்கள். போனைச் சார்ஜ் பண்ணி வையுங்கள். விண்ணப்பத்தில் கொடுத்த சிம் மாறியிருந்தால் புதிய இலக்கத்தைப் பிரதேச செயலகத்தில் இன்றே கொடுங்கள். வயலிலோ பஸ்ஸிலோ இருக்கும்போது அழைப்பு வந்தால், வசதியான வேறு நேரம் கேளுங்கள். பேசுபவரின் பெயர், பதவி, அலுவலகம், திகதி, நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கேள்வி விளங்காவிட்டால் திரும்பக் கேளுங்கள். விளங்காத கேள்விக்கு "ஓம்" சொல்லாதீர்கள். கொழும்பிலிருந்து சிங்களத்தில் பேசினால் தமிழ் தெரிந்த ஒருவரைக் கேளுங்கள். தமிழும் அரச கரும மொழி. முடிக்கும்போது, "அடுத்து என்ன நடக்கும், முடிவு எப்படி வரும்?" என்று கேட்டு அதையும் எழுதுங்கள்.

மாற்றுத்திறனாளி தானே பேசக்கூடியவரென்றால் அவரே பேசட்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள். காது கேளாதவர், பேச முடியாதவர், மனநலப் பாதிப்பு உள்ளவர் என்றால், தொலைபேசி பொருந்தாது, நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். சமூக சேவை உத்தியோகத்தரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. மேன்முறையீட்டை வெல்ல வைக்கிறேன் என்று காசு கேட்பவரை நம்பாதீர்கள். போனுக்கு வந்த இரகசிய இலக்கத்தையோ வங்கி அட்டையின் பின் இலக்கத்தையோ கேட்டால் உடனே அழைப்பைத் துண்டித்து, பிரதேச செயலகத்துக்கு நீங்களே அழைத்து விசாரியுங்கள். உங்கள் உடல்நிலையை விசாரிக்க அந்த இலக்கங்கள் தேவையில்லை.

கூட்டம் முடிந்ததும் பின்மேசைக்கு வாருங்கள். மறுப்புக் கடிதம் கையில் உள்ளவர்கள் அதைக் கொண்டுவாருங்கள். காரணத்தை வாசித்து, அந்த ஐந்தாறு வரியை இன்றே சேர்ந்து எழுதுவோம். அதுவரை, யாராவது நலம் கேட்டால் வழக்கம்போல "பரவாயில்லை" என்று சொல்லுங்கள். அதிகாரி கேட்டால் மட்டும் உள்ளதைச் சொல்லுங்கள்.