பள்ளிக்கூடப் பிள்ளைகளும் தடுப்பூசியும்
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)

 

வலையில் ஒரு கண் அறுந்தால் மீன் முழுதும் போய்விடுவதில்லை. பல கண்கள் ஒரே இடத்தில் அறுந்து பொத்தலானால் அன்றைய பாடு போயிற்று. மண்டபம் முதல் இராமேசுவரம் வரையிலுள்ள கரையில் இதை அறியாதவர் இல்லை. பிள்ளைகளுக்குப் போடப்படும் தடுப்பூசியும் இத்தகைய வலையே. பள்ளிக்கூடத்திலும் அங்கன்வாடியிலும் பிள்ளையைச் சேர்க்கும்போது, "ஊசி போட்டாயிற்றா?" என்று கேட்பது நியாயந்தானா, கேட்டால் அதை எவ்வாறு நடத்துவது என்பதே இன்று ஆராயத்தக்க விஷயம்.

வைசூரி இருந்த காலம்

வைசூரி கண்டவர்களில் ஏறக்குறைய பத்துக்கு மூவர் மாண்டனர். பிழைத்தவர் பலர் முகத்தில் வடுவுடன் வாழ்ந்தனர். சிலர் கண் இழந்தனர். வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது வழக்கம். அதனால் ஒரு நன்மையும் உண்டு. வேப்பிலையைக் கண்ட அயலார் உள்ளே நுழையமாட்டார்கள். ஆயினும் நோய் வந்தபின் ஒதுங்குவது வேறு, வராமலே காப்பது வேறு.

வராமல் காக்கும் வழியை 1796-ல் இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் என்னும் வைத்தியர் நிரூபித்தார். பசுவுக்கு வரும் அம்மையின் பாலை மனிதர் கையில் குத்தினால் வைசூரி அண்டாது என்பது அவர் கண்ட உண்மை. 1802 ஜூன் மாதம் பம்பாயில் ஆன்னா டஸ்ட்ஹால் என்னும் மூன்று வயதுச் சிறுமிக்கு அம்மை குத்தப்பட்டது. இந்தியாவில் முதன்முதல் பலன் தந்தது அதுவே. அக்காலத்தில் ஒரு பிள்ளையின் கையிலிருந்து எடுத்த பாலையே மற்றொரு பிள்ளைக்கு வைத்தனர். இதனால் ஜனங்களுக்கு அருவருப்பும் அச்சமும் உண்டாயின. பின்னர் கன்றுகளிடமிருந்து பால் எடுக்கும் முறை வந்தது. சென்னை மாகாணத்துக்கு வேண்டிய அம்மைப்பாலைத் தயாரிக்க 1899-ல் கிண்டியில் ஒரு நிலையம் ஏற்பட்டது. அதுவே கிங் இன்ஸ்டிடியூட் என்று பெயர் பெற்றது.

இவ்வளவு முயற்சியின் பலனாக 1975 மே மாதத்தோடு இந்தியாவில் வைசூரி நின்றது. 1980-ல் உலகமெங்கும் அந்நோய் ஒழிந்ததென்று அறிவிக்கப்பட்டது. இன்று எந்தப் பள்ளிப் பிள்ளைக்கும் பெரியம்மைக்காகக் குத்துவதில்லை. இளம்பிள்ளை வாதமும் அவ்வாறே அடங்கிற்று. இயற்கையான கிருமியால் இந்தியாவில் அந்நோய் கடைசியாகக் கண்டது 2011 ஜனவரியில். ஆனால் தட்டம்மை, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி ஆகியவை இன்னும் ஒழியவில்லை.

மண்டபம் முகாமின் பாடம்

இந்தக் கரைக்கு இவ்விஷயம் புதிதன்று. 1914-ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் தனுஷ்கோடிக்கு ரயிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் ஓடின. இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குச் சென்ற தமிழ்நாட்டு ஏழைகள் மண்டபத்தில் இலங்கை அரசாங்கத்தார் நடத்திய முகாமில் சில தினங்கள் நிறுத்தி வைக்கப்பட்டனர். வைத்திய பரீட்சை நடந்தது, அம்மை குத்தப்பட்டது, அதன் பிறகே கப்பல் ஏற விட்டனர்.

நோய் கடல் தாண்டாமல் தடுக்க அந்த ஏற்பாடு உதவிற்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது தோட்டத்தைக் காக்க ஏற்பட்ட விதி; தொழிலாளியின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. வாசலில் நின்று தடுக்கும் அதிகாரம் நோயைத் தடுக்கும், நம்பிக்கையை வளர்க்காது. பள்ளிக்கூட வாசலில் இந்த இரண்டும் ஒருங்கே வேண்டும்.

அயல் நாட்டுச் சட்டமும் இந்நாட்டுச் சட்டமும்

இங்கிலாந்தில் 1853-ல் குழந்தைகளுக்கு அம்மை குத்துதல் கட்டாயமாயிற்று. தவறியவர்க்கு அபராதம். ஏழைகள் கொதித்தெழுந்தனர், 1898-ல் மனச்சாட்சி இடங்கொடாத பெற்றோருக்கு விலக்கு அளிக்கவேண்டியதாயிற்று. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் ராஜ்யம் 1855-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு அம்மை குத்துதலைக் கட்டாயமாக்கியது. 1922-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அத்தகைய விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இந்தியாவின் நிலை வேறு. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளிக்கூடத்தை உரிமையாக்கியிருக்கிறது. ஊசிச் சீட்டு இல்லையென்று பிள்ளையைத் திருப்பி அனுப்பினால், அவன் போகுமிடம் எது? கடற்கரை, கரிமூட்டம், அல்லது தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் குடிசை. படிப்பும் போயிற்று, மதிய உணவும் போயிற்று. ஊசியோ இன்னும் போட்டபாடில்லை. குற்றமற்ற பிள்ளை தண்டனை பெறுகிறான். நோய்க்கு ஒரு தண்டனையும் இல்லை. ஆகவே பள்ளிக்கூடத்தார் சீட்டைக் கேட்கவேண்டும். இல்லாத பிள்ளையைத் தள்ளலாகாது. சேர்த்துக்கொண்டு, ஊசி போடும்படி செய்யவேண்டும். இதுவே தக்க முறை.

பள்ளிக்கூடத்தில் ஏன் கேட்கவேண்டும்?

தட்டம்மை காற்றில் பரவும். காப்பில்லாத பத்துப் பிள்ளைகள் நோயுற்ற பிள்ளையோடு ஓர் அறையில் இருந்தால் ஒன்பது பேர்வரை தொற்றும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் காப்புப் பெற்றிருந்தாலன்றி அதை ஊரில் நிறுத்தமுடியாது. அதற்குரிய முதல் ஊசி குழந்தைக்கு ஒன்பது மாதம் நிறைந்த பின்னரே. இரண்டாவது பதினாறு முதல் இருபத்துநான்கு மாதத்துக்குள். அதுவரை தொட்டிற்குழந்தைக்குக் காப்பு, பள்ளியிலிருந்து நோயைக் கொண்டுவராத அண்ணனும் அக்காளுமே. மேலும் ஐந்தாறு வயதிலும், பத்து வயதிலும், பதினாறு வயதிலும் போடவேண்டிய ஊசிகள் உண்டு. இவை பள்ளிப் பருவத்தில் வருபவை. தாய் மறந்தாலும் பள்ளிக்கூடம் மறக்கலாகாது.

1904-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஏற்பட்ட கிராமச் சங்கங்களுக்குப் பொதுவாக அளவற்ற ஜவாப்தாரி இருந்தது. ஒருவர் கடனைச் செலுத்தாவிடில் அந்தப் பாரம் சங்கத்தார் அனைவர் தலையிலும் விழுந்தது. தொற்று நோயும் அவ்விதமே கணக்குத் தீர்க்கிறது. ஒரு வீட்டார் தவறியதற்கு வட்டி செலுத்துவது அடுத்த வீட்டுக் கைக்குழந்தை.

அச்சம் தீரும் வழி

பெற்றோரின் அச்சத்தை அறியாமை என்று இகழ்வது தவறு. 2008-ல் திருவள்ளூர் ஜில்லாவில் தட்டம்மை ஊசி போட்டபின் நான்கு குழந்தைகள் மாண்டது உண்மை. 2017 பிப்ரவரியில் தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஊசி போடத் தொடங்கியபோது, கைப்பேசி வழியாகப் பரவிய வதந்திகளால் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவே தயங்கினர். அச்சத்துக்கு மருந்து அதட்டல் அன்று, விளக்கமே. ஊசி போட்ட இடத்தில் வலியும், ஓரிரண்டு நாள் காய்ச்சலும் இயல்பு. கடுமையான கோளாறு மிக அரிது. அதற்காகவே ஊசி போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்லுகிறார்கள்.

அச்சத்தைவிடப் பெரிய தடை இந்தக் கரையில் வேறொன்று உண்டு. காற்று மாறும்போது மீனவக் குடும்பங்கள் பாக் கடற்கரைக்கும் மன்னார் வளைகுடாக் கரைக்குமாகப் பெயர்கின்றன. ஊசி நாளில் குடும்பம் வேறு கரையில். சீட்டு ஓலைக்குடிசையில் நனைந்து போயிற்று. பாசி எடுக்கப்போகும் தாய்க்கு ஒரு நாள் தங்கினால் ஒரு நாள் கூலி நஷ்டம். இவள் மறுத்தவள் அல்லள், முடியாதவள். இவளுக்குச் சட்டம் எதற்கு? துணைதான் வேண்டும்.

சங்கத்தார் செய்யத்தக்கவை

1. அங்கத்தினர் வீடுகளிலுள்ள ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஒரு பதிவுப் புஸ்தகம் ஏற்படுத்தி, ஊசிச் சீட்டின் நகல் ஒன்றைச் சங்கத்தில் பத்திரப்படுத்துவது.

2. குடும்பம் வேறு கரைக்குப் பெயரும்போது அந்நகலைக் கொடுத்தனுப்புவது. இடையில் ஓர் ஊசி தவறினால் முதலிலிருந்து தொடங்கவேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பதை யாவருக்கும் தெரிவிப்பது.

3. கிராம சுகாதார செவிலியர் ஊசி போடும் நாளை முன்னதாகவே சங்க வாசலில் எழுதி வைப்பது.

4. அன்றைய கூலியை இழக்கும் தாய்க்குப் பொது நல நிதியிலிருந்து சிறு உதவி செய்யலாமா என்று பொதுக்கூட்டத்தில் ஆலோசிப்பது.

5. சீட்டில்லாத பிள்ளை பள்ளியில் சேர்ந்தால், தலைமையாசிரியர் சங்கத்துக்குத் தெரிவிக்கவும், சங்கத்தார் அந்தப் பிள்ளையை ஊசிக்கு அழைத்துச் செல்லவும் ஓர் உடன்பாடு செய்துகொள்வது.

இவற்றிற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஊசிக்கும் கட்டணமில்லை. ஒரு புஸ்தகமும், எழுதத் தெரிந்த ஒருவரும், வாரத்தில் ஒரு மணி நேரமும் போதும். எல்லோரும் ஒருவருக்காக, ஒருவர் எல்லோருக்காக என்பது கூட்டுறவின் மூல மந்திரம். கடன் கொடுக்கும் நாளில் அதைச் சொல்வது எளிது. அடுத்த வீட்டுத் தாய் பாசிக்குப் போயிருக்க, அவள் பிள்ளையைக் கைப்பிடித்து ஊசிக்கு அழைத்துச் செல்லும் நாளிலேதான் அம்மந்திரம் மெய்யாகிறது.