மண்வெட்டியும் ஊழியமும்

(அறுப்பின் பண்டிகையன்று நமது மருத்துவமனைச் சிற்றாலயத்தில் நடந்த ஆதரவாளர் கூடுகையில், மருத்துவமனைப் பண்ணையின் பொறுப்பாளர் ஆற்றிய உரை.)





இந்த இடத்தில் நின்று வழக்கமாக டாக்டர்கள் பேசுவார்கள். இந்த ஆண்டு பண்ணைக்காரனைப் பேசச் சொல்லிவிட்டார்கள். காலையில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிப் பார்த்தேன். நகக்கண்ணில் இருக்கிற மண் போகவில்லை. அதோடேயே வந்துவிட்டேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். பள்ளிக்கூடம் விட்டதும் புத்தகப் பையைத் திண்ணையில் போட்டுவிட்டுக் கிணற்றடிக்கு ஓடுவேன். வாய்க்காலில் தண்ணீர் வருகிற சத்தம் கேட்டால் எனக்குச் சாப்பாடு வேண்டாம். வாலிபப் பிராயத்தில், ஒரு கூடுகையில், என்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன். அன்றிலிருந்து மனதிலே ஒரு போராட்டம். ஊழியம் என்றால் குருவானவராக வேண்டும், இல்லாவிட்டால் டாக்டராகவோ ஆசிரியராகவோ ஆகவேண்டும் என்றுதான் எங்கள் சபையில் நினைத்தார்கள். "ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்த பிள்ளை இன்னும் ஏர் ஓட்டிக்கொண்டிருக்கிறானே" என்று ஒரு பெரியவர் என் தகப்பனாரிடமே கேட்டார். நிலத்தின்மேல் எனக்கிருந்த ஆசை ஆண்டவருக்கு விரோதமான ஆசையோ என்று பயந்து, அதை விட்டுவிடும்படி ஜெபமும் பண்ணியிருக்கிறேன். அந்த ஜெபத்துக்கு ஆண்டவர் பதில் கொடுக்கவில்லை. அதற்காக இன்று அவரை ஸ்தோத்திரிக்கிறேன்.

என் குழப்பத்தைத் தீர்த்தது இரண்டு பேருடைய வாழ்க்கை.

முதலாவது, சாம் ஹிக்கின்பாட்டம். 1903-ல் மிஷனெரியாக இந்தியா வந்தவர். அலகாபாத்திலே ஒரு கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தார். மாணவர்களைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு அழைத்துப் போனபோது, பாடப்புத்தகத்தில் இல்லாத வறுமையை உழவர்களின் வீடுகளில் கண்டார். இவர்களுக்கு உதவ வேண்டுமானால் தனக்கே விவசாயம் தெரிய வேண்டும் என்று உணர்ந்து, முப்பது வயதைத் தாண்டிய பிறகு அமெரிக்கா திரும்பி, ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவனாக உட்கார்ந்து விவசாயம் படித்தார். 1910-ல் அவர் நிறுவிய அலகாபாத் விவசாயக் கல்வி நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகமாக இருக்கிறது. அதே மனிதர்தான் நைனியில் இருந்த தொழுநோயாளர் இல்லத்தையும் பல ஆண்டுகள் கவனித்துவந்தார். கலப்பையும் நோயாளரும் அவருக்கு இரண்டு வேலைகளாகத் தோன்றவில்லை.

இரண்டாமவர் நமக்குப் பக்கத்தில், கொல்லிமலையில் வாழ்ந்தவர். ஜெஸ்ஸி பிராண்ட் ஒரு கட்டடத் தொழிலாளி. குறுகிய காலம் மருத்துவப் பயிற்சி பெற்று 1907-ல் இந்தியா வந்தார். 1913-ல் ஈவ்லினைத் திருமணம் செய்து, இருவருமாக மலைமேல் ஏறிக் குடியிருந்தார்கள். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து கீழ்நாட்டார் தங்காத மலை அது. புண்ணுக்கு மருந்து போட்டார், பல் பிடுங்கினார். காலில் நரம்புச் சிலந்தி வந்தவர்களுக்கு, வெளியே தலைகாட்டும் புழுவை ஒரு சிறு குச்சியில் நாளுக்குக் கொஞ்சமாகச் சுற்றிச் சுற்றி எடுத்தார். ஆனால் ஜனங்கள் தண்ணீரில் கால்வைத்து இறங்கி, அதே தண்ணீரைக் குடிக்கிறவரைக்கும் அந்தப் புழு திரும்பத் திரும்ப வரும். பசியும் அப்படித்தான், மாத்திரையால் போகாது. ஆகவே அவர் வீடு கட்டக் கற்றுக்கொடுத்தார், ஆரஞ்சுக் கன்றுகள் நட்டார், பட்டுப்பூச்சி வளர்க்கச் சொல்லிக்கொடுத்தார். 1929-ல் மலைக்காய்ச்சலின் கொடிய வகை ஒன்றினாலேயே அவர் மரித்தார். ஈவ்லின் அம்மையாரோ 1974-ல், தமது 95-ஆவது வயதில் மரிக்கும்வரை மலைஜனங்களை மறக்கவில்லை.

அவர்களுடைய மகன்தான் டாக்டர் பால் பிராண்ட். சிறு பையனாக அந்த மலையில் நடந்த ஒரு சம்பவத்தை அவர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். படிக்கட்டு வயலில் பையன்கள் இறங்கித் தவளை பிடித்து விளையாடியபோது தண்ணீர் கலங்கிவிட்டது. வயல்களைக் காவல் பார்க்கும் தாத்தா ஒருவர் வந்தார். அவர் அடிக்கவில்லை. ஒரு கை சேற்றை அள்ளிக் காட்டி, இதிலே சோறு இருக்கிறது என்று சொன்னார். கலங்கிய தண்ணீர் வரப்பைத் தாண்டிப் போவதைக் காட்டி, போகிற மண் இனித் தங்களுக்குச் சோறு தராது என்று சொன்னார். அந்த ஒரு கை மண்ணை டாக்டர் பிராண்ட் கடைசிவரைக்கும் மறக்கவில்லை.

1946-ல் வேலூருக்கு வந்த அவர், தொழுநோயாளரின் கைகளை ஆராய்ந்து ஒரு பெரிய உண்மையைக் கண்டார். விரல்கள் நோயினால் அழுகி விழுவதில்லை. நரம்பு கெட்டு உணர்ச்சி போய்விடுகிறது. சுட்டாலும் வெட்டினாலும் தெரியாது. தெரியாமல் பட்ட காயம் கவனிப்பாரின்றிப் புண்ணாகி, விரலைக் குறைத்துவிடுகிறது. வேலூருக்குப் பக்கத்திலே கரிகிரியில் 1955-ல் தொழுநோய் மருத்துவமனை எழும்பியபோது, அந்த நிலம் ஒரு மரம்கூட நிற்காத சரளைப் பூமி. அங்கே பணியாற்றிய டாக்டர் எர்னஸ்ட் ஃபிரிட்சி அறுவை சிகிச்சை செய்த கையாலேயே மரங்களை நட்டு, மழைத்தண்ணீரைத் தேக்கி, அதைச் சோலையாக்கினார்.

இவர்களைப் பற்றி அறிந்தபிறகு எனக்குத் தைரியம் வந்தது. விவசாயம் படித்து முடித்ததும் நம் மருத்துவமனைக்கு எழுதினேன். பண்ணைக்கு ஆள் வேண்டும் என்று பதில் வந்தது. ஓடி வந்தேன். இனி நிலமும் ஊழியமும் ஒன்று. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை. அதைத்தான் இன்று சாட்சியாகச் சொல்ல வந்தேன்.

நான் வந்த இரண்டாவது வருஷம். பண்ணையின் மேட்டுப்பகுதியில் மழைத்தண்ணீர் நிற்காமல் மேல்மண்ணை அரித்துக்கொண்டு போகிறது. ஐப்பசி மழைக்குமுன் சரிவுக்குக் குறுக்கே வரப்புப் போட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஒரே வைராக்கியம். கொல்லிமலைத் தாத்தாவின் வார்த்தை காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆள் போதவில்லை. அப்போது வார்டிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். தொழுநோய்க்குச் சிகிச்சை முடிந்து, காலில் இருந்த புண் ஆறி, வீட்டுக்குப் போகக் காத்திருந்தவர். கடலையும் கேழ்வரகும் போட்ட சம்சாரி. "தம்பி, சும்மா உக்காந்து சாப்பிடக் கூச்சமா இருக்கு. ஒரு மண்வெட்டி குடுங்க" என்றார்.

கொடுத்தேன். எனக்குச் சந்தோஷம். அவர் வெட்டுகிற அழகைப் பார்க்க வேண்டுமே! பிறந்ததிலிருந்து மண்வெட்டி பிடித்த கை. மத்தியானத்துக்குள் இரண்டு ஆள் வேலை செய்துவிட்டார். நான் வரப்பைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தேன்.

சாயங்காலம் மண்வெட்டியை வாங்கி வைக்கப்போனேன். பிடி பிசுபிசுத்தது. பார்த்தால் இரத்தம்.

"ஐயா, கையைக் காட்டுங்க" என்றேன்.

"ஏன் தம்பி?" என்று நீட்டினார். உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பி, உடைந்து, தோல் உரிந்து கிடந்தது. ஆள்காட்டி விரலின் உள்பக்கம் ஆழமாகக் கிழிந்திருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "வலிக்கலியே தம்பி" என்றார்.

புண்ணில் சீழ் வைத்துவிட்டது. டாக்டர் எவ்வளவோ முயன்றும் அந்த விரலில் ஒரு கணுவை எடுக்க வேண்டியதாயிற்று. பெரியவர் என்னைக் குறை சொல்லவில்லை. டாக்டரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த இரவிலே வேதத்தின் தொடக்கப் பக்கங்களை எடுத்து வாசித்தேன். மனுஷனைத் தோட்டத்தில் வைத்தபோது தேவன் அவனுக்குக் கொடுத்த வேலை ஒன்றல்ல, இரண்டு. நிலத்தைப் பண்படுத்த வேண்டும். அதைக் காக்கவும் வேண்டும். பண்படுத்துவதில் எனக்கு ஆசை இருந்தது. காப்பதிலோ, மண்ணை மட்டும்தான் காத்தேன். மண்வெட்டியைப் பிடித்த கையைக் காக்கவில்லை. பிரியமானவர்களே, நிலத்தை நேசிப்பது நல்லது. ஆனால் அது தன்னால் ஊழியமாகிவிடாது. எனக்குப் பிடித்த வேலையை ஆண்டவர் பெயரால் செய்தேன், அவ்வளவுதான். பக்கத்தில் நிற்கிறவனுடைய கையைப் பார்க்கத் தொடங்கிய நாளில்தான் அது ஊழியமாயிற்று.

அதற்குப் பிறகு பண்ணையில் பல காரியங்களை மாற்றினோம். மண்வெட்டி, களைக்கொத்துப் பிடிகளைப் பருமனாக்கி, துணி சுற்றி, மேலே சைக்கிள் டியூபைக் கட்டினோம். பிடி பருத்தால் அழுத்தம் ஒரே இடத்தில் விழாமல் கை முழுவதும் பரவும். வெறுங்காலோடு யாரும் வயலில் இறங்குவதில்லை. மிருதுவான ரப்பர் அடி வைத்த எம்.சி.ஆர். செருப்பு போட வேண்டும். முள்ளும் கல்லும் காலுக்குத் தெரியாதல்லவா? ஒரே வேலையை நெடுநேரம் செய்யாமல், கொஞ்ச நேரம் வெட்டினால் கொஞ்ச நேரம் நாற்று நடுவது என்று மாற்றி மாற்றிச் செய்வார்கள். சாயங்காலம் வேலை விட்டதும் எல்லோரும் வட்டமாக உட்காருவோம். கையையும் காலையும் தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்து, எண்ணெய் தடவுவோம். ஒருவர் கையை ஒருவர் பார்ப்போம். சிவந்திருக்கிறதா, சூடாயிருக்கிறதா, கொப்புளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தன் கைக்குத் தெரியாத வலியை அடுத்தவன் கண் கண்டுபிடிக்க வேண்டும். சபை என்றால் என்ன என்று என்னைக் கேட்டால், அந்த வட்டத்தைத்தான் காட்டுவேன்.

தொழுநோய் ஒழிந்துவிட்டதே, இன்னும் எதற்கு இந்த வேலை என்று சிலர் கேட்கிறீர்கள். பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை நம் தேசம் 2005 டிசம்பரில் எட்டியது உண்மை. அதற்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஆனாலும் 2023-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான புதிய நோயாளர் கண்டறியப்பட்டார்கள். கூட்டு மருந்து ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ கிருமியைக் கொன்றுவிடும். வெகுநாள் முன்பே செத்துப்போன உணர்ச்சியை அது திரும்பக் கொடுக்காது. நோய் போனபிறகும் அந்தக் கையோடுதான் அவர்கள் காடு கழனிக்குப் போயாக வேண்டும். சீக்கிரம் வந்தால் உணர்ச்சி போகாமலே தடுக்கலாம். உங்கள் ஊரில் யாருக்காவது உணர்ச்சியில்லாத தேமல் இருந்தால், வெட்கப்படாமல் வரச்சொல்லுங்கள்.

அந்தப் பெரியவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். கை ஆறியதும் ஊருக்குப் போனார். போகும்போது துணி சுற்றிய மண்வெட்டி ஒன்றைக் கொடுத்தனுப்பினோம். "ஊர்க்காரங்க பார்த்துச் சிரிப்பாங்க தம்பி" என்றார். ஆனாலும் வாங்கிக்கொண்டார். அடுத்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு, அழைக்காமலே வந்து நின்றார். தோளில் அரை மூட்டை கடலை. தன் நிலத்தில் தானே போட்டு எடுத்தது. மூட்டையை இறக்கி வைத்தார். நான் கும்பிடு போடுமுன்னே இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். ஒரு கீறல் இல்லை. விரல் ஒரு கணு குறைந்துதான் இருந்தது. அதை நான் பார்க்காமல் இருக்க முடியவில்லை. "தம்பி, தினம் பார்க்கிறேன். என் பேத்திதான் பார்த்துச் சொல்லுது" என்றார்.

அவர் கொண்டுவந்த கடலையை அன்று இதே ஆலயத்தில் பலிபீடத்துக்கு முன் வைத்தோம்.

அன்பானவர்களே, நீங்கள் அனுப்புகிற காணிக்கையில் அறுவை சிகிச்சையும் மருந்தும் நடக்கிறது, உங்களுக்குத் தெரியும். அதில் ஒரு சிறு பங்கு சைக்கிள் டியூபாகவும், செருப்பு ரப்பராகவும், எண்ணெயாகவும் மாறுகிறது. பெரிய காரியமாகத் தெரியாது. ஒரு மனுஷனுடைய விரல் நிற்பதும் போவதும் அதில் இருக்கிறது. இரண்டு காரியங்களுக்காக ஜெபியுங்கள்: வீடு திரும்பிய ஒவ்வொருவருக்கும் கையைப் பார்த்துச் சொல்ல வீட்டில் ஓர் ஆள் இருக்கவேண்டும், பண்ணையில் எனக்குப் பின் இந்தப் பாரத்தைச் சுமக்க ஓர் இளைஞன் வேண்டும். உங்கள் வீட்டிலே நிலத்தை நேசிக்கிற பிள்ளை இருந்தால், அந்த ஆசையை விட்டுவிடச் சொல்லாதீர்கள். எங்களிடம் அனுப்புங்கள். நகக்கண்ணில் மண்ணோடு வரட்டும்.

கர்த்தர்தாமே உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.